முள் நிற்கும் வரை

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புடவைக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மூன்று மேசை, நான்கு கணினி, மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை, அவ்வளவுதான். அங்கே நிரஞ்சலா என்ன வேலை பார்த்தாள் என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. சும்மா உட்கார்ந்திருந்தாள் என்று சொல்வேன். கேட்டவரின் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் சொல்வது பொய் இல்லை. அவளைப் போலச் சும்மா உட்கார்ந்திருக்க ஊவா மாகாணத்தில் இன்னொருவரால் முடியாது. என்னால் சத்தியமாக முடியாது.

நான் ஸவாஹிரா. அந்த அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பது, கணக்கு எழுதுவது, கணினி வகுப்புக்கு வரும் பிள்ளைகளை அதட்டுவது எல்லாம் என் பொறுப்பு. முதலாளி மதுசூதனன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்குக் கணித ஆசிரியராக வந்து, பிறகு வேலையை விட்டுவிட்டு மென்பொருள் எழுதத் தொடங்கியவர். அவர் எழுதுவார். நிரஞ்சலா அதை ஓட்டிப் பார்ப்பாள். எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று அளந்து சொல்வதுதான் அவளுடைய தொழில்.

அவள் அளக்கும் விதத்தைப் பார்த்தால் யாருக்கும் பைத்தியம் பிடிக்கும். படங்களும் சன்னல்களுமாக இருக்கும் கணினி முகப்பை முதலில் மூடிவிடுவாள். எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரை ஒன்று இருக்குமே, அதைத் திறந்து ஒரே ஒரு வரி தட்டுவாள். நேரம் பிடிக்கச் சொல்லும் கட்டளை, பக்கத்தில் எங்கள் மென்பொருளின் பெயர், அதற்குப் பக்கத்தில் அது எடுத்து வேலை செய்ய வேண்டிய கோப்பின் பெயர். என்டரைத் தட்டிவிட்டுக் கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொள்வாள். வேலை முடிந்ததும் இவ்வளவு நேரம் ஆனது என்று திரையின் அடியில் ஒரு வரி வரும். அதைக் குறித்துக்கொண்டு மறுபடியும் அதே கட்டளை. மறுபடியும் அதே காத்திருப்பு.

"ஒருக்கா பாத்துட்டா போதாதா புள்ள? அதே கணக்கு, அதே மெசின். வேற என்னத்த காட்டப் போகுது?" என்று நான் கேட்பேன்.

"ஒரு தடவை சொன்னதை எப்படி நம்புறது ஸவா? அஞ்சு தடவை ஓட்டணும். நடுவுல வர்றதைத்தான் எடுக்கணும்."

அந்த நேரத்தில் யாரும் அந்தக் கணினியில் கை வைக்கக் கூடாது. மௌஸை அசைக்கக் கூடாது. பாட்டுப் போடக் கூடாது. மற்ற வேலைகள் திறந்திருந்தால் அவையும் கணினியின் மூச்சில் கொஞ்சத்தைக் குடித்துவிடுமாம். ஒரு நாள் அவள் தண்ணீர் குடிக்கப் போன சமயம் பார்த்து நான் சீட்டு விளையாட்டைத் திறந்து நான்கு சீட்டு நகர்த்தினேன். திரும்பி வந்தவள் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதுவரை எடுத்த எல்லா ஓட்டத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். அன்றைக்கு இருவரும் ஹாலிஎல பஸ்ஸைத் தவறவிட்டோம். அடுத்த பஸ்ஸில் வழி நெடுக நான் திட்டிக்கொண்டே வந்தேன்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் மொட்டப்பாறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறிப் போக வேண்டிய தோட்டம். அவளுடைய அப்பா பொன்னையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா கருப்பம்மா கொழுந்து பறிக்கிறவர். கருப்பம்மாவைச் சாதாரண ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாய்த்துடுக்கும் கைவேலையும் ஒன்றாகச் சேர்ந்த மனுஷி. பழைய புடவையைக் கொடுத்தால் ஒரே வாரத்தில் பாவாடை, தலையணை உறை, பிள்ளைக்குத் தொட்டில் என்று மூன்றாக்கித் தருவார். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் தையல் என்றால் எல்லாரும் அவருடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குத்தான் போவார்கள்.

நிரஞ்சலா ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு விடுமுறை நாளில் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு மலைக்குப் போயிருக்கிறாள். நிறுவை நேரம். கொழுந்துக் கூடையைக் கொக்கியில் மாட்டினால் தராசின் முள் மேலும் கீழும் ஆடும். அது ஓய்வதற்குள்ளேயே அன்றைய கணக்கப்பிள்ளை எடையைச் சத்தமாகச் சொல்லி எழுதிவிடுவாராம். முள் கீழே வருகிற சமயமாகப் பார்த்துத்தான் சொல்வாராம். வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் அது தெரியும். யாரும் பேச மாட்டார்கள். கருப்பம்மாவின் கூடை ஏறியபோது இவள் நடுவில் புகுந்துவிட்டாள்.

"ஐயா, முள்ளு இன்னும் நிக்கலைங்க."

கணக்கப்பிள்ளை பேனாவை நிறுத்திவிட்டு இவளை மேலும் கீழும் பார்த்தார். கருப்பம்மா மகளின் காதைப் பிடித்து ஒரு திருகு திருகி வரிசைக்கு வெளியே தள்ளினார். ஆனால் கணக்கப்பிள்ளை முள் நிற்கும் வரை காத்திருந்துதான் அந்த எடையை எழுதினார். அடுத்த கூடைக்கும் அப்படித்தான். அந்த ஒரு நாள் மட்டும்தான். மறுநாளிலிருந்து பழைய கதைதான்.

இதை என்னிடம் சொன்னது கருப்பம்மா. காதைத் திருகியதையும் அவரே சொன்னார். "திருகினது ஊருக்காகத்தான் தாயி. வீட்டுக்கு வந்து ரொட்டியில நெறைய தேங்காப்பூ போட்டுச் சுட்டுக் குடுத்தேன்" என்றார்.

நிரஞ்சலா பதுளையில் உயர்தரம் படித்தாள். பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் புள்ளி போதாமல் போனது. அழுதுகொண்டு கிடக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் நடந்த கணினி வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பு முடிவதற்குள் மதுசூதனன் சேரின் நிரலில் மூன்று இடத்தில் ஓட்டம் தடைப்படுவதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். சேருக்கு அது சந்தோஷமா, கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த மாதமே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

2004 வாக்கில் சேர் எழுதிய மென்பொருளுக்குப் பெயர் 'கொழுந்து'. தோட்டத்துத் தராசு மின்தராசாக மாறிக்கொண்டிருந்த காலம். தராசிலிருந்து வயர் வழியாக எடை நேரே கணினிக்கு வரும். அந்தி நிறுவை முடிந்ததும் 'கொழுந்து' அன்றைய மூன்று நிறுவையையும் கூட்டி, கூடையின் எடையையும் ஈரத்தையும் கழித்து, மாதத் தொடக்கத்திலிருந்து பறித்ததையும் சேர்த்து, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீட்டு அச்சிடும். தமிழில். பெயர் தமிழில், காலை, பகல், அந்தி என்பது தமிழில், எவ்வளவு கழித்தார்கள், எதற்காகக் கழித்தார்கள் என்பதும் தமிழில். அந்தச் சீட்டு அன்றைக்கே ஆளின் கைக்குப் போக வேண்டும் என்பது நிரஞ்சலாவின் யோசனை. அதைச் சேரின் தலையில் ஏற்றியவள் அவள்தான்.

சிக்கலும் அந்தத் தமிழில்தான் இருந்தது. எங்களிடம் இருந்த அச்சு இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதனால் ஒவ்வொரு தாளையும் கணினியே படமாக வரைந்து கொடுக்க வேண்டும். கூட்டல் கழித்தல் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். நேரம் முழுவதையும் தின்றது இந்த வரைகிற வேலைதான்.

கொழும்பிலிருந்து பல தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பனி 'கொழுந்தை' மொட்டப்பாறையில் வைத்துச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை நல்ல மனுஷன்தான், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். நிறுவை முடிந்து பத்து நிமிடத்துக்குள் சீட்டு முழுவதும் தயாராக இருக்க வேண்டும். அதில் நியாயம் இருந்தது. அந்தி நிறுவை முடிந்ததும் பெண்கள், பகலில் குழந்தைகளை விட்டு வைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுவார்கள். பிள்ளையைத் தூக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். சீட்டுக்காக யார் நிற்பார்கள்? தாமதமானால் கொழும்பில் வேறொருவர் விற்கும் மென்பொருளை வாங்கிவிடுவதாகத் துரை சொல்லியிருந்தார். அது வேகமானதுதான். ஆனால் அதில் பெயரும் கிடையாது, தமிழும் கிடையாது. ஆளின் நம்பரும் ஆங்கிலத்தில் ஒரு மொத்த எடையும் மட்டும் வரும்.

எங்களுக்குப் பயமே இருக்கவில்லை. பதுளை அலுவலகத்தில் நிரஞ்சலா ஒரு பொய்த் தோட்டமே செய்து வைத்திருந்தாள். நானூறு ஆள், ஒரு மாதத்து எடை. அதை ஓட்டினால் ஏழு நிமிடம்தான். தோட்டத்துக்கு முன்பே அனுப்பியிருந்த கணினியும் அதே ரகம், ஒரே நாளில் வாங்கியவை. சோதனை சனிக்கிழமை அந்தி நிறுவைக்கு என்று முடிவானது. புதன்கிழமை நானும் அவளும் மொட்டப்பாறை ஸ்டோருக்குப் போனோம். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள்.

கணினி ஸ்டோர் அலுவலகத்தில் இருந்தது. சல்லடை அறைக்கு அடுத்த அறை அது. தூள் சலிக்கும் நேரத்தில் தேயிலைத் தூசி சன்னல் வழியாக வந்து மேசை, கதிரை, மனுஷருடைய புருவம் எல்லாவற்றிலும் படியும். கணினி வந்த அன்றே ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா அதற்கு ஓர் உறை தைக்க வேண்டும் என்றாராம். கருப்பம்மா அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. தீபாவளிக்குத் தனக்கென்று எடுத்து வைத்திருந்த கருநீலத் துணியை இரட்டையாக மடித்து, ஓரத்துக்கு மஞ்சள் நூலில் பூ வேலை செய்து, அரிசிப் பையின் வாயைப் போலச் சுருக்குக் கயிறு வைத்துத் தைத்திருந்தார். பொத்தானை அமுக்க ஒரு துளை. வயர் போக ஒரு துளை. வேறு எங்கும் ஊசி நுழைய இடமில்லை. மேலே ஒரு குங்குமப் பொட்டும் இருந்தது.

"என் மக வேலை பாக்குற மெசினுக்கு நான் தைச்ச சட்டை" என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வேலை நடக்கும்போதும் அந்தச் சட்டையை யாரும் கழற்றுவதில்லை. மதிப்பான பொருளை மூடி வைப்பதுதான் தோட்டத்தில் மரியாதை. ரேடியோவோ டீவியோ எது வந்தாலும் முதலில் அதற்கு ஓர் உறை தைப்பார்கள்.

நிரஞ்சலா அந்தப் பூ வேலையைத் தடவிப் பார்த்தாள். முகம் நிறையச் சிரித்தாள். பிறகு கறுப்புத் திரையைத் திறந்து வேலையைத் தொடங்கினாள்.

முதல் ஓட்டம் ஏழு நிமிடம். இரண்டாவது ஒன்பது. மூன்றாவது பன்னிரண்டு. நான்காவது பதின்மூன்று. ஐந்தாவதும் பதின்மூன்று.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஒரே கட்டளை, ஒரே கோப்பு. பதுளையில் எத்தனை தடவை ஓட்டினாலும் ஏழைத் தாண்டாதது, இங்கே ஓட ஓட இழுத்துக்கொண்டே போனது. தெமோதரையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அவள் குறித்து வைத்த அந்த ஐந்து எண்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்குப் பெரிய தியாகம்.

மறுநாள் சேர் எண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்:

"முதல் ஓட்டத்தை மட்டும் குடுப்பம் பிள்ளை. ஏழு நிமிசம் எண்டுறது பொய்யில்லையே? சனிக்கிழமை துரை பாக்கப் போறதும் ஒரு ஓட்டம்தான். மெசினை அப்பதான் போட்டுக் காட்டினால் சரி."

"பொய் இல்லைங்க சேர். ஆனா நெசமா வேலை நடக்கிற நாள்ல மெசின் காலையில இருந்து ஓடிக்கிட்டிருக்குமே. அந்தி நிறுவைக்கு அந்த மொத ஓட்டம் எங்கேருந்து வரும்? பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுற பொம்பளைங்களுக்குப் பதின்மூணு நிமிசம்தாங்க கெடைக்கும்."

"அதைப் பிறகு பாத்துத் திருத்தலாம்தானே?"

"முள்ளு ஆடையிலயே எழுதின மாதிரி ஆயிருங்க சேர்" என்றாள்.

தராசுக் கதை சேருக்கும் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் நேர்மையான மனுஷர்தான். இரண்டு வருட உழைப்பு கண் முன்னால் போகிறதே என்ற தவிப்புதான் அவரை அப்படிப் பேச வைத்தது.

"அப்ப என்ர புரோகிராமிலதான் பிழை" என்றார். "தமிழ் எழுத்து வரையிற பகுதிதான் இழுக்குது. அதைக் கழட்டிப்போட்டு நம்பரும் இங்கிலீசுமாக் குடுக்கிறன். ஒரு நிமிசத்தில முடியும். வேற வழியில்லை."

நிரஞ்சலாவின் முகம் வெளுத்துவிட்டது. தமிழை எடுத்துவிட்டால் அந்தச் சீட்டில் என்ன இருக்கிறது? எதற்காக எவ்வளவு கழித்தார்கள் என்று கருப்பம்மாவால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாது. கொழும்புச் சாமானும் எங்களுடையதும் ஒன்றுதான்.

"ஒரு நாள் குடுங்க சேர்" என்றாள். "நாளைக்கு ஸ்டோருக்குப் போயி என்னன்னு பாத்துட்டு வர்றேன். கண்டுபிடிக்க முடியலைன்னா நீங்க சொல்றபடி செய்வோம்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் புறப்பட்டோம். நான் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அவள் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவாள். புதன்கிழமை போல இழுக்கத் தொடங்கும் வரை ஓட்டிவிட்டு, முதலில் தராசின் வயரைக் கழற்றி ஓட்டினாள். இழுத்தது. வயரை மாட்டிவிட்டு அச்சு இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தாள். இழுத்தது. "ரெண்டையும் ஒண்ணாக் கழட்டினா சீக்கிரம் முடியுமே" என்று நான் சொன்னதற்கு, "அப்புறம் எதால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். மென்பொருளை முழுவதும் மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து ஓட்டினாள். அப்போதும் இழுத்தது. அந்த இடத்தில் அவளுடைய கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

"புரோகிராம்ல பிழை இருந்தா, மூடித் தொறந்ததும் பழையபடி ஏழுக்கு வரணும் ஸவா. வரலை. சேர் மேல தப்பு இல்லை."

நடுவில் மின்சாரம் நின்றது. கணினி செத்துக் கிடந்தது. நாங்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, கை கழுவி, தேத்தண்ணியும் குடித்து முடித்த பிறகுதான் வந்தது. உடனே ஓட்டினாள். ஏழு நிமிடம். அடுத்தது ஒன்பது.

"பாவம், அதுக்கும் களைப்பு வருது போல. ரெஸ்ட் எடுத்தா நல்லா ஓடுது" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கணினியைப் பார்த்தாள். கருநீலச் சட்டைக்கு மேல் உள்ளங்கையை வைத்தாள். சட்டென்று எடுத்தாள். நானும் தொட்டுப் பார்த்தேன். ரொட்டி சுடலாம் போலக் கொதித்துக்கொண்டிருந்தது.

"சூடு ஏறினா கருகிப் போயிடாம இருக்க, மெசின் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். வகுப்புல படிச்சதுதான். பதுளையில தொறந்து கெடக்கு. இங்க மூடி..." என்றவள் அதற்கு மேல் சொல்லவில்லை.

சுருக்குக் கயிற்றை அவிழ்த்தாள். அந்தச் சட்டையை அவள் கழற்றிய விதம் தூங்கும் பிள்ளைக்குக் கழற்றுவது போல இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தோம். சல்லடை அறைக்குப் பக்கத்தில் மாதக் கணக்காக இருந்த கணினிக்குள் ஒரு பொட்டுத் தூசி இல்லை. கருப்பம்மாவின் தையலை அன்றைக்குத்தான் நான் முழுதாக மெச்சினேன். தூசி நுழையாத இடத்தில் காற்று எப்படி நுழையும்?

ஆறவிட்டு ஓட்டினாள். ஏழு. மறுபடி ஏழு. மறுபடியும் ஏழு. நான் எழுந்து குதிக்காத குறைதான். அவளோ அந்தச் சட்டையை எடுத்து மறுபடியும் கணினிக்குப் போடத் தொடங்கினாள்.

"என்னடி செய்றாய்? அதான் கண்டுபிடிச்சாச்சே!"

"திரும்பப் போட்டும் பாக்கணும். போட்டா இழுத்தாத்தான், காரணம் இதுன்னு சொல்லலாம்."

எனக்கு வந்த கோபத்தில் வெளியே போய் மழையில் நின்றேன். திரும்பி வந்தபோது திரையில் பன்னிரண்டு, பதின்மூன்று என்று வந்திருந்தது. அவள் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சரியான விடை கிடைத்து அழுதவளை நான் அன்றுதான் பார்த்தேன். விடை கிடைத்துவிட்டது. அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அழுகை.

லயத்துக்குப் போனபோது கருப்பம்மா அடுப்படியில் இருந்தார். நிரஞ்சலா சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். வளைத்து நெளித்துப் பேச அவளுக்கு வராது.

"அம்மா, இந்தச் சட்டையாலதான் மெசினுக்கு மூச்சு முட்டுது. இதைப் போட்டா சீட்டு நேரத்துக்கு வராது."

கருப்பம்மா சட்டையைப் பார்த்தார். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துவிட்டு அதை வாங்கி மஞ்சள் பூவின் மேல் விரலை ஓட்டினார். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

"நல்லாப் பாத்தியா?"

"போட்டும் பாத்தேன், கழட்டியும் பாத்தேம்மா. ரெண்டு மூணு தடவை."

"அப்ப சரி" என்றார். அவ்வளவுதான். மகள் ஒன்றைச் சொன்னால் அளந்துதான் சொல்வாள் என்று தோட்டத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். பிறகு அவரே கேட்டார்: "சட்டை இல்லைன்னா தூசி போயி அடைக்காதா?"

"அடைக்கும்மா. ஒரு மாசத்துல அதுவும் இழுக்க ஆரம்பிச்சுரும். அதான் யோசிக்கிறேன். தூசி வர்றது அந்தச் சல்லடைச் சன்னல் வழியாத்தான்."

"சன்னல் எவ்வளவு அகலம்?" என்று கேட்டார் கருப்பம்மா. அப்போதே ஊசிப் பெட்டியை எடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் அந்தச் சட்டை தையல் பிரிக்கப்பட்டு, சல்லடை அறைச் சன்னலுக்கு இறுக்கமான திரையாகத் தொங்கியது. மஞ்சள் பூ அறையின் உள்பக்கம் பார்த்து இருந்தது. கணினியைக் காலையிலேயே ஓடவிட்டாள் நிரஞ்சலா. அந்தி வரை அணைக்கக் கூடாது என்று சேரிடமே கண்டிப்பாகச் சொன்னாள். சேர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அந்தி நிறுவை முடிந்தது. துரை தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். நிரஞ்சலா கறுப்புத் திரையில் அந்த ஒரு வரியைத் தட்டினாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக் கழற்றி உதறிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தி பிள்ளைக் காம்பராப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். நான் எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதி முடித்துவிட்டேன். நிரஞ்சலா மட்டும் வழக்கம் போலச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஏழு நிமிடத்தில் கடைசித் தாள் வந்து விழுந்தது.

சேர் பெருமூச்சு விட்டார். துரை கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே, நன்றாக இருக்கிறது, எப்போதும் இப்படித்தானே ஓடும் என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இவள் விடுவாளா?

"எப்பவும் இல்லைங்க தொரை. மூடி வச்சா பதின்மூணு நிமிசம் ஆகும், நேத்துப் பாத்தேன். தூசி அடைச்சாலும் அப்படித்தான் ஆகும். மாசத்துக்கு ஒரு தடவை நான் வந்து தொறந்து தொடைச்சு, அஞ்சு தடவை ஓட்டிப் பாத்துட்டுப் போவேன். அதுக்குச் சம்மதம்னா வாங்குங்க."

சேர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவளைக் கிள்ளிவிடலாமா என்று பார்த்தேன். துரை அவள் பக்கம் திரும்பி, "நீதான் வரணும். வேற ஆள் வேணாம்" என்றார்.

இன்றைக்கு ஊவாவில் பல தோட்டங்களில் 'கொழுந்து' ஓடுகிறது. எங்கே புதிதாகக் கணினி வைத்தாலும் முதல் நாள் நிரஞ்சலாதான் போகிறாள். எல்ல ஊர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் அவளைத் தேடி வருகிறார்கள். கொழும்பில் பெரிய சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. அது அவளுடைய இஷ்டம். எனக்கு அவளை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது, அதை மறைக்க நான் ஏன் முயல வேண்டும்? ஆனால் பெருமை என்றால் எனக்கு அந்தச் சனிக்கிழமைதான்.

துரை போன பிறகு தாளை வெட்டி ஒவ்வொருவருக்கும் சீட்டுக் கொடுத்தோம். கருப்பம்மாவை நிரஞ்சலா அலுவலகத்துக்குள்ளேயே கூப்பிட்டாள். இத்தனை வருடம் இந்த ஸ்டோருக்குக் கொழுந்து பறித்தவர், அந்த அறைக்குள் அன்றைக்குத்தான் காலடி எடுத்து வைத்தார். செருப்பைக் கழற்றப் போனவரை நான் தடுத்தேன். சன்னலில் தொங்கிய தன் துணியை ஒரு பார்வை பார்த்தார். சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டினார். கருப்பம்மா. காலை. பகல். அந்தி. கழித்தது. ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் படித்தார். முழுவதும் படித்து முடிக்கும் வரை நாங்கள் மூவரும் காத்து நின்றோம்.

பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார். வாய் ஓரத்தில் சிரிப்பு இருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"முள்ளு நின்னுருச்சா தாயி?" என்று கேட்டார்.

"நின்னுருச்சும்மா" என்றாள் நிரஞ்சலா.